பனியை வாசித்தவர்கள்: ஆல்ப்ஸ் மலையில் பனிச்சரிவை முன்னறியும் முயற்சியின் வரலாறு

'பனி' என்னும் ஒரு சொல்லைக் கொண்டே தமிழில் நாம் பலவற்றைச் சொல்லிவிடுகிறோம். புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. மார்கழி விடியலில் தெருவை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தின் உச்சியில் ஆண்டு முழுதும் உறைந்து கிடப்பதும் பனி. இமயத்தை வடவெல்லையாகச் சுட்டிய சங்கப் புலவர்களுக்கு அம்மலையின் பனி ஓர் அரிய காட்சி, உயர்வின் அடையாளம். அது ஒருநாள் பெயர்ந்து வந்து ஊரை மூடக்கூடும் என்று அஞ்சவேண்டிய தேவை நம் நிலத்தில் வாழ்ந்தோர்க்கு இருந்ததில்லை.

ஆல்ப்ஸ் மலையின் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்களுக்கோ அந்த அச்சம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வீட்டு வாசலில் நின்றது. "மேலே நிற்கும் அந்தச் சரிவு இன்று இறங்குமா, இறங்காதா?" என்பதே அவர்களது கேள்வி. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளாக அம்மக்கள் இதற்கு விடை தேடிய வழிகளை இக்கட்டுரையில் காண்போம். தொடக்கத்திலேயே ஒன்றைக் குறிப்பிட்டுவிடுதல் நலம். பனிச்சரிவின் வரலாற்றில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. பனியை அறிவது ஒன்று. அறிந்தவரின் சொல்லைக் கேட்டு நடப்பது மற்றொன்று. முதலாவதில் மனித இனம் பெரிதும் முன்னேறியிருக்கிறது. இரண்டாவதில் அவ்வளவு முன்னேறியிருக்கிறதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

பண்டையோர் கண்டது

கி.மு. 218-இல் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபால் தன் படையுடனும் யானைகளுடனும் ஆல்ப்ஸைக் கடந்த கதை அனைவரும் அறிந்ததே. அதனை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், அம்மலைப் பாதையைத் தாமே சென்று பார்த்தவர். இறக்கத்தில் படையினர் பட்ட பாட்டை விவரிக்கையில் அவர் நுட்பமான செய்தி ஒன்றைத் தருகிறார். முந்தைய குளிர்காலத்திலிருந்து எஞ்சியிருந்த பழம்பனியின் மேல் அவ்வாண்டின் புதுப்பனி விழுந்திருந்தது. மென்மையான மேலடுக்கில் கால் எளிதாக அழுந்தியது. அடியிலிருந்த கெட்டியான அடுக்கைத் தொட்டதும் வழுக்கியது.

அவருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதிய புவியியலாளர் ஸ்ட்ராபோ இன்னும் ஓரடி முன்னே செல்கிறார். உறைந்த பனி அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்றும், மேலடுக்குகள் கீழுள்ளவற்றினின்று எளிதில் கழன்று, வணிகர் கூட்டத்தை முழுதாகவே பள்ளத்தில் தள்ளிவிடுகின்றன என்றும் அவர் எழுதுகிறார். பனி அடுக்குகளால் ஆனது; அடுக்குகளுக்கு இடையேதான் ஆபத்து இருக்கிறது. இன்றைய பனியியலின் அடிப்படையும் இதுவே. ஆயினும் இக்கருத்தை யாரும் பின்தொடரவில்லை. அடுக்குகளைத் தோண்டிப் பார்க்க ஒருவர் மண்வெட்டியை எடுப்பதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் பனிச்சரிவு விதியின் செயலாகவும் தீய ஆவிகளின் வேலையாகவும் கருதப்பட்டது. உரத்த குரலே சரிவை எழுப்பிவிடும் என்று நம்பியதால், மலைவழிப் பயணிகள் ஓசையின்றி நடந்தனர். மனிதக் குரலின் அழுத்தம் பனியடுக்கை முறிக்கப் போதாது என்பது இன்று தெளிவாகியுள்ளது. எனினும் திரைப்படங்களில் அந்நம்பிக்கை இன்னும் உயிரோடிருப்பதை நாம் காண்கிறோம்.

காட்டைக் காத்த ஊர்

நூலறிவு உறங்கிய அக்காலத்தில் ஊரறிவு விழித்திருந்தது. சுவிட்சர்லாந்தின் மையப்பகுதியில், கோட்ஹார்ட் கணவாயின் வழியில் ஆண்டர்மாட் என்னும் ஊர் உள்ளது. 1397-இல் அவ்வூர் மக்கள் ஓர் ஆவணம் எழுதி வைத்தனர். ஊருக்கு மேலேயுள்ள காட்டில் எவரும் மரம் வெட்டலாகாது. கிளையையோ ஊசியிலை மரத்தின் காயையோகூட எடுத்துச் செல்லலாகாது என்பது அதன் சாரம். விறகின்றிக் குளிர்காலத்தைக் கழிக்க முடியாத ஊரில், கண்ணெதிரே நிற்கும் காட்டைத் தொடாதிருக்க முடிவு செய்வது எளிய செயலன்று.

பாய்ந்து வரும் பெரும் சரிவை மரங்கள் தடுத்து நிறுத்துவதில்லை. அவை முறிந்து அதனுடன் சேர்ந்தே வந்துவிடும். காட்டின் பயன் வேறு. மரங்கள் அடர்ந்த இடத்தில் பனி ஒரே பலகையாகப் படிவதில்லை. கிளைகளில் தங்கி, கட்டிகட்டியாக விழுந்து, தண்டுகளால் பிணிக்கப்பட்டுக் கிடக்கும். ஆகவே சரிவு அங்கே தொடங்குவதே அரிது. இவ்வியற்பியலை ஆண்டர்மாட் மக்கள் எழுதி வைக்கவில்லை. காடு அழிந்த சரிவுகளின் கீழே எந்த ஊர்கள் அழிந்தன என்பதை அவர்கள் நினைவில் வைத்திருந்தனர், அந்நினைவைச் சட்டமாக்கினர். ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1804-இல் எழுதிய 'வில்ஹெல்ம் டெல்' நாடகத்தில், அக்காட்டு மரங்களை வெட்டினால் அவை குருதி சிந்தும் என்ற மலைவாழ் மக்களின் நம்பிக்கை இடம்பெறுகிறது. அதைப் பற்றிக் கேட்கும் மகனுக்கு, ஊரைப் பனியிலிருந்து காப்பது அக்காடே என்று தந்தை விளக்குகிறான். விலக்கை மீறாதிருக்கப் பிள்ளைகளுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. நம் ஊர்களில் கோயிற்காடுகள் பிழைத்திருப்பதற்கும் இத்தகைய கதைகளே காரணம் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஊர் நினைவுகளைத் தொகுத்து நாட்டின் அறிவாக்கியவர் யோஹான் கோவாஸ். 1850-இல் பிட்ஸ் பெர்னினா சிகரத்தின் மேல் முதன்முதலாக ஏறியவர்களுள் ஒருவரான அவர், 1875-இல் சுவிட்சர்லாந்தின் தலைமை வன ஆய்வாளரானார். எந்தப் பள்ளத்தாக்கில், எந்தத் தடத்தில், எப்போது பனி இறங்கியது என்ற விவரங்களை வனக் காவலர் வழியாகச் சேகரித்து, 1881-இல் சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1914 வரை, தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அவர் அப்பதவியில் இருந்தார். எனினும் அவருடைய முறை, சரிவு முன்பு எங்கே வந்தது என்பதைத்தான் சொல்லும். இன்று வருமா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

மார்மொலாடா, 1916

முதல் உலகப்போரில் இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசும் டோலமைட் மலைகளில் மோதிக்கொண்டன. மேய்ச்சல்காரர்கூடக் குளிர்காலத்தில் ஏறாத உயரங்களில் ஆயிரக்கணக்கான வீரர்கள் தங்கவைக்கப்பட்டனர். மார்மொலாடா மலையில் கிரான் போட்ஸ் என்னும் இடத்தில் ஆஸ்திரியப் படையின் மரக்குடியிருப்புகள் அமைந்திருந்தன. பாறைகளின் மறைவில் இருந்ததால் இத்தாலியரின் குண்டுகள் அங்கே விழமாட்டா. எதிரியிடமிருந்து காக்கும் வகையில் நன்கு தேர்ந்த இடந்தான். ஆனால் நேர் மேலே சரிவு இருந்தது.

அங்கிருந்த படைப்பிரிவின் தலைவர் கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட், 1916 ஆகஸ்டிலேயே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் இவ்விடம் பனிச்சரிவுக்கு இலக்காகும், குடியிருப்பை மாற்றவேண்டும் என்பது அவரது கோரிக்கை. அது மறுக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பனி பொழிந்தது. பின்னர் வெப்பம் கூடியது. டிசம்பர் 13 விடியற்காலையில் சரிவு இறங்கிக் குடியிருப்பை மூடியது. ஏறத்தாழ 270 வீரர்கள் மாண்டனர். பெரும்பாலோரின் உடல்கள் அப்போது மீட்கப்படவில்லை. அம்மாதத்தில் இருதரப்பிலும் அம்மலைமுனையெங்கும் பனிச்சரிவுகள் உயிர் குடித்தன.

இந்நிகழ்வை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஷ்மிட்டிடம் கருவிகள் இல்லை, ஆய்வகம் இல்லை, ஆயினும் அவருடைய கணிப்பு சரியாக இருந்தது. மலையைப் பார்த்துப் பழகிய ஒருவரின் கண்ணே போதுமானதாயிற்று. இல்லாதுபோனது, அக்கண்ணை நம்பி ஆணையை மாற்றும் மனம். ஆண்டர்மாட்டில் அறிந்தவரும் முடிவெடுத்தவரும் அதே ஊரார். மேலே காடு அழிந்தால் கீழே சாகப்போவதும் அவர்களே. மார்மொலாடாவில் அறிந்தவர் ஒருவர், முடிவெடுத்தவர் மற்றொருவர், செத்தவர்கள் வேறு பலர்.

மலையுச்சியில் ஒரு மரக்குடில்

போருக்குப் பின் மலைகளுக்குப் புதியதொரு கூட்டம் வரத்தொடங்கியது. பனிச்சறுக்கு பொழுதுபோக்காகப் பரவியது. மலை ரயில்கள் வந்தன. குளிர்காலத்தில் மூடிக்கிடந்த கணவாய்களில் போக்குவரத்து தேவைப்பட்டது. சரிவை விதியென்று விட்டுவிட முடியாத நிலையில், 1931-இல் சுவிட்சர்லாந்து அரசு பனி, பனிச்சரிவு ஆய்வுக்குழு ஒன்றை நிறுவியது. 1936-இல் டாவோஸ் நகருக்கு மேலே, ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில், வைஸ்ஃப்ளூயோக் என்னுமிடத்தில் ஒரு மரக்குடில் எழுந்தது. உலகப் பனியியலின் பிறப்பிடம் என்று அக்குடிலைச் சொல்லலாம்.

அங்கே கூடியவர்களின் துறைகளே சுவையானவை. ஹென்றி பாடர் படிகங்களை ஆராய்பவர். ராபர்ட் ஹேஃபெலி மண்ணின் உறுதியை அளக்கும் பொறியாளர். ஒருவர் பனியைக் கனிமமாகவும், மற்றவர் அதனைக் கட்டடத்தின் அடியிலுள்ள மண்ணாகவும் பார்த்தனர். பனியில் குழி வெட்டி, அதன் சுவரில் தெரியும் அடுக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். கூம்பு முனைகொண்ட கம்பியைப் பனியில் நிறுத்தி, அதன்மேல் எடையை விழச்செய்து, எத்தனை அடிக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஹேஃபெலி அளந்தார். கம்பி தடையின்றி இறங்கும் இடமே வலுவற்ற அடுக்கு. பொலிபியஸின் வீரர்கள் காலால் உணர்ந்ததை இப்போது எண்ணால் எழுத முடிந்தது. இவ்வாய்வுகளின் திரட்டு, பனியையும் அதன் உருமாற்றத்தையும் பற்றிய நூலாக 1939-இல் வெளிவந்தது.

உருமாற்றம் என்னும் சொல்லில்தான் அவர்களது கண்டுபிடிப்பின் உயிர் இருக்கிறது. விழுந்த பனி விழுந்தபடியே கிடப்பதில்லை. தரையை ஒட்டிய பனி உறைநிலைக்கு அருகில், சற்றே வெதுவெதுப்பாக இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் கடுங்குளிரில் கிடக்கும். இவ்வேறுபாட்டால் அடியிலிருந்து நீராவி மேல்நோக்கிக் கசிந்து, வழியில் மீண்டும் உறைகிறது. மெல்லிய பனிப்போர்வையில் இது சில வாரம் தொடர்ந்தால், அடியிலுள்ள துகள்கள் சர்க்கரை போல் ஒன்றோடொன்று ஒட்டாத, கிண்ண வடிவப் படிகங்களாக மாறிவிடும். ஜெர்மானிய ஆய்வாளர் வில்ஹெல்ம் பால்க்கே இதற்கு 'மிதக்கும் பனி' என்னும் பொருள்தரும் பெயரை வழங்கினார். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பில் பூக்கும் இறகு போன்ற படிகங்களும் இத்தகையவையே. கண்ணுக்கு இனிய அப்பூக்கள்மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால், அவையே மறைந்திருக்கும் வலுவற்ற அடுக்காகின்றன.

அதன்மேல் காற்று பனியை அள்ளிவந்து பலகையாக இறுக்கிவிடுகிறது. இனி ஒரு மனிதனின் எடை போதும். அடியடுக்கில் ஓரிடத்தில் எழும் முறிவு நொடிப்பொழுதில் சரிவெங்கும் பரவ, பலகை முழுதும் கழன்று இறங்கும். குறைந்த பனியும் தெளிந்த வானமுமாகத் தொடங்கும் குளிர்காலம் பின்னாளில் ஏன் கொடியதாகிறது என்பது இதனால் விளங்கிற்று. சரிவின் காரணம் சரிந்த நாளில் மட்டும் இல்லை. ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன் எவரும் கவனியாத ஓர் அமைதியான வாரத்திலும் இருக்கக்கூடும்.

இரண்டாம் உலகப்போரின்போது சுவிட்சர்லாந்து ராணுவம் தன் மலைப்படைகளுக்காகப் பனிச்சரிவுக் கண்காணிப்பை நடத்தியது. 1942-இல் அக்குடிலின் பணி தனி ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. 1945-இல் எச்சரிக்கைப் பணியை ராணுவத்திடமிருந்து அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டு, பொதுமக்களுக்கான அறிக்கையை வெளியிடத் தொடங்கியது.

கறுத்த குளிர்காலங்கள்

புதிய அறிவுக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1950-51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸெங்கும் வரலாறு காணாத பனி பொழிந்தது. சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் இறந்தனர். ஆஸ்திரியாவில் 135 பேர். ஐந்நூற்றைம்பது ஆண்டுக்காலம் காட்டைக் காத்து வந்த ஆண்டர்மாட்டிலும் 13 பேர் மாண்டனர். மூன்றாண்டு கழித்து, 1954 ஜனவரி 11 அன்று ஆஸ்திரியாவின் பிளோன்ஸ் என்னும் சிற்றூரைக் காலையில் ஒரு சரிவு தாக்கியது. புதையுண்டோரைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள்மேல் மாலையில் மற்றொன்று இறங்கியது. நானூறு பேர்கூட இல்லாத அவ்வூரில் 57 உயிர்கள் போயின. ஒரு சரிவு இறங்கிவிட்டதனால் ஆபத்து நீங்கியதென்று பொருளில்லை. அண்டைச் சரிவும் அதே பனியைத்தான் தாங்கி நிற்கிறது. பிளோன்ஸ் தந்த பாடம் இது.

இதன் பின்னர் அரசுகள் பணத்தை மலையில் செலவிட்டன. சரிவு தொடங்கும் உயரங்களில் எஃகுத் தடுப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன, காடுகள் நடப்பட்டன, சாலைகளுக்கு மேல் கூரைகள் போடப்பட்டன. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று நிறங்களால் பிரித்துக் காட்டும் ஆபத்து வரைபடங்களும் வரையப்பட்டன. ஊர் நினைவு இப்போது வரைபடமாயிற்று.

வரைபடத்துக்கு வெளியே

1999 பிப்ரவரியில் வடமேற்கிலிருந்து அடுத்தடுத்து மூன்று பெரும்புயல்கள் ஆல்ப்ஸை வந்தடைந்தன. ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தில் சாலைகள் மூடப்பட்டு, விடுமுறைக்கு வந்தோர் பல நாட்கள் ஊருக்குள் அடைபட்டிருந்தனர். பிப்ரவரி 23 மாலை நான்கு மணியளவில் மேலிருந்து இறங்கிய பனி, வரைபடம் பாதுகாப்பானது என்று காட்டிய பகுதிக்குள் நுழைந்தது. 31 பேர் இறந்தனர். மறுநாள் அருகிலுள்ள வால்சூரில் மேலும் 7 பேர்.

வரைபடம் பொய் சொன்னதா? அது கடந்தகாலத்தைச் சொன்னது. ஏறத்தாழ 150 ஆண்டுக்கு ஒருமுறை நேரக்கூடிய சரிவைக் கணக்கிட்டே கோடுகள் வரையப்பட்டிருந்தன; 1999-இன் பனி அக்கணக்குக்குள் அடங்கவில்லை. கால்டூரில் இன்று 345 மீட்டர் நீளமுள்ள காப்புச்சுவர் நிற்கிறது. அச்சுவரோடு இணைந்தே ஓர் அருங்காட்சியகமும் உள்ளது. தடுப்பும் நினைவும் அங்கே ஒரே கட்டடமாயின.

அதே வாரத்தில், பிப்ரவரி 21 அன்று, சுவிட்சர்லாந்தின் எவோலேனில் 12 பேர் இறந்தனர். உரிய நேரத்தில் மக்களை வெளியேற்றவில்லை, சாலையை மூடவில்லை என்று ஊராட்சித் தலைவர் மீதும் பாதுகாப்புப் பொறுப்பாளர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை 2006-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மார்மொலாடாவில் எச்சரிக்கையை மறுத்த மேலிடத்தையும் இவ்விருவரையும் சேர்த்து நினைக்கையில், தொண்ணூறு ஆண்டுகளில் மாறியது எது என்பது புலனாகும். அபாயத்தை மதிப்பிடுவது இப்போது பொறுப்புக் கேட்கப்படும் கடமையாகிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்த்தால் தேறுதலும் உண்டு. 1951-க்கு நிகரான பனிப்பொழிவு நிகழ்ந்த 1999-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தோர் 17 பேர். தடுப்புகளும் வரைபடங்களும் எச்சரிக்கைகளும் சேர்ந்து காத்த உயிர்களை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

மூன்றாம் நிலை

ஊர்கள் காக்கப்பட்ட பின்னர் சாவின் இடம் மாறியது. சுவிட்சர்லாந்தில் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பேர் பனிச்சரிவில் இறக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் விருப்பத்தால் மலையேறியவர்கள். பத்தில் ஒன்பது நேர்வுகளில், அவர்களையோ அவர்தம் குழுவினரையோ தாங்கிய பனியே அவர்களது எடையால் முறிகிறது.

1993-இல் ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி ஐந்து நிலை கொண்ட பொது அளவுகோலை ஏற்றன: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். ஐந்தாம் நிலையில் மிகுதியாகச் சாவு நேரும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. குளிர்கால நாட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அறிவிக்கப்படும் மூன்றாம் நிலையில்தான் சுவிஸ் உயிரிழப்புகளில் பாதி நேர்கிறது. நான்கிலும் ஐந்திலும் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். மக்கள் வீட்டில் இருப்பர். மூன்றில் வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி பளபளக்கும், முன்னே சென்றவர் தடமும் இருக்கும். 'கணிசம்' என்ற சொல் ஐந்தின் நடுவில் நிற்பதால், காதுக்கு அது நடுத்தரம் என்றே கேட்கிறது.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் 1990-களில் முன்வைத்த முறை இங்கே முக்கியமானது. ஒரு குழி தோண்டிப் பார்த்துச் சரிவு முழுதையும் தீர்ப்பிட முடியாது, சில மீட்டர் தள்ளியே பனியின் உறுதி மாறிவிடும் என்று அவர் வாதிட்டார். மாறாக, வீட்டில் ஒருமுறை, மலையடியில் ஒருமுறை, குறிப்பிட்ட சரிவின் முன் ஒருமுறை என மூன்று முறை நின்று, ஒவ்வொரு முறையும் பனியையும் நிலத்தையும் மனிதரையும் சீர்தூக்கச் சொன்னார். அவர் தந்த எளிய விதி இது: இரண்டாம் நிலையில் 40 பாகைக்கும், மூன்றாம் நிலையில் 35 பாகைக்கும், நான்காம் நிலையில் 30 பாகைக்கும் குறைவான சாய்வுகளிலேயே இருங்கள். துறைசார்ந்தோர் பலர் இதனை எதிர்த்தனர். பனியை வாசிக்கும் கலையைப் பெருக்கல் வாய்ப்பாடாக்கிவிட்டார் என்பது அவர்களது குறை. முன்டரின் எண்ணமோ வேறு. களைத்தும் மகிழ்ந்தும் இருக்கும் மனிதனால் அக்கலையை நம்பகமாகச் செய்ய இயலாது. ஆதலால் காலையில் தெளிந்த மனத்தோடு ஏற்ற எல்லை ஒன்று அவனுக்கு வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன் 715 விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. பழகிய சரிவு என்ற எண்ணம், குழுவில் தேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை, பிறர் வருமுன் புதுப்பனியை அடையும் ஆவல் ஆகியவை கண்முன் நின்ற அறிகுறிகளை மறைத்தன. பயிற்சி பெற்றவர்களும் இவற்றினின்று தப்பவில்லை. பனிப்படலங்களை வாசிக்கத் தொடங்கிய இயல், இறுதியில் மனித மனத்தின் படலங்களை வாசிக்க வேண்டியதாயிற்று.

தேர்வு இல்லாதவர்கள்

இவ்வரலாற்றில் தமிழ் மக்களுக்கும் ஒரு துயரப் பங்கு உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்து, மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்களைப் புதைத்தது. அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று காலமானார். பனிப்படலம் ஒருமுறைகூட விழாத சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள் அவர்கள். இந்தியாவும் 1969 முதல் மணாலியைத் தளமாகக் கொண்டு பனிச்சரிவு ஆய்வை நடத்தி வந்துள்ளது; 2020-இல் அந்நிறுவனம் பாதுகாப்புத் துறையின் புவித்தகவல் ஆய்வு நிறுவனத்துள் இணைக்கப்பட்டது. அதே பனிமலைத்தொடரின் மறுபுறத்தில், 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் பாகிஸ்தானியர் 140 பேர் புதையுண்டதையும் இங்கே சேர்த்தே நினைக்க வேண்டும்.

முன்டரின் விதி, சரிவின் முன் நின்று திரும்பிவிடும் உரிமையுள்ளவனுக்கு எழுதப்பட்டது. காவல்நிலையில் நிற்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்பதை அவனுக்காக வேறொருவர் முடிவு செய்கிறார். 1916-இல் கேப்டன் ஷ்மிட்டின் கடிதம் எழுப்பிய கேள்வி இன்றும் அவ்வுயரங்களில் விடையின்றி நிற்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

2018-இல், பனிச்சரிவு அபாயத்தை எதிர்கொள்ளும் அறிவை, சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் கூட்டாக முன்மொழிய, மனித குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. பாடல்களுக்கும் கூத்துகளுக்கும் திருவிழாக்களுக்கும் இடமளித்த பட்டியலில், ஆபத்தைக் கணிக்கும் அறிவும் இடம்பெற்றது பொருத்தமே. தானியங்கிக் கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும், சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ இருநூறு பார்வையாளர்கள் தத்தம் பள்ளத்தாக்கின் பனியை அளந்து டாவோஸுக்குத் தெரிவித்து வருகின்றனர். பலர் அவ்வூர்களிலேயே வாழ்பவர்கள். தாம் அளக்கும் சரிவின் கீழேயே அவர்கள் உறங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் சொல்லின் நம்பகத்தன்மை அதிலிருந்தே பிறக்கிறது.